நெஞ்சுக்குள்ளே ஒரு வாய்க்கால் கூடுதல்

போன மாதம் ஆபரேசன் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சிலருக்கு நெஞ்சுக்குள்ளே பெரிய ரத்தக்குழாய் இடது பக்கமும் ஒன்று இருக்கும், சிரை ரூட்டு மாறினால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, தெரிந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. அதனால் சர்க்கரையும் மூட்டுவலியும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இந்த மாதம் முழுக்க இதுதான்.

டாக்டருங்க, வணக்கமுங்க. எனக்கு 44 வயசு. பித்தப்பையில கல்லு. ஆபரேசனுக்கு முந்தி எக்கோ எடுக்கச் சொன்னாங்க. அதுல 'இடது எஸ்.வி.சி. இருக்குது, கரோனரி சைனஸ் பெருசா இருக்குது'ன்னு எழுதியிருக்குதுங்க. ஸ்கேன் எடுத்த பையன் 'ஒரு நரம்பு கூடுதலா இருக்குதுங்க்கா'ன்னு சொல்லிப்போட்டான். அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க அந்த நரம்பைக் கட் பண்ணி எடுத்துப்போடோணும்கறாங்க. இது ஹார்ட் வியாதிங்களா?
— ஒரு வாசகி, பெருந்துறை

எடுக்கவெல்லாம் வேண்டாம் அம்மா. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் ஒன்று. அது நரம்பு இல்லை, சிரை. உடம்பெல்லாம் சுற்றி முடித்த கெட்ட ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுவருகிற குழாய். நம் ஊரில் குளுக்கோஸ் ஏற்றுவதையே 'நரம்பு ஊசி' என்றுதான் சொல்கிறோம், நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன், அதில் தப்பில்லை. ஆனால் 'இதயத்தில் நரம்பு' என்றதும் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது.

தலை, கழுத்து, இரண்டு கைகள் இவற்றிலிருந்து வருகிற ரத்தம் எல்லாம் சேர்ந்து மேற்பெருஞ்சிரை என்ற ஒரே பெரிய குழாயாகி, நெஞ்சின் வலது ஓரமாக இறங்கி, இதயத்தின் வலது மேலறையில் விழும். அதைத்தான் டாக்டர்கள் எஸ்.வி.சி. என்கிறோம். இடது கையின் ரத்தம்கூட நெஞ்செலும்புக்குப் பின்னால் குறுக்காகக் கடந்து வலது பக்கம் போய்த்தான் சேரும். பெரும்பாலானவர்களுக்கு ஏற்பாடு இப்படி.

ஆனால் தாய் வயிற்றில் கரு உருவாகிற ஆரம்ப வாரங்களில் எல்லோருக்கும் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று இரண்டு வாய்க்கால்தான் ஓடும். எட்டாவது வாரம் வாக்கில் இடதிலிருந்து வலதுக்குக் குறுக்காக ஒரு புது வாய்க்கால் வெட்டப்படுகிறது. தண்ணீரெல்லாம் அதில் திரும்பிப் போனதும் இடது பக்கப் பழைய வாய்க்காலுக்கு வேலை இல்லாமல் போய், தூர்ந்து, கடைசியில் நூல் மாதிரி ஒரு தழும்பாக நிற்கும். கீழ்பவானிப் பாசனத்தில் காடு வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் வராத கொப்பு வாய்க்கால் நாலு வருசத்தில் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். அந்தத் தழும்பை 1850-இல் ஜான் மார்ஷல் என்ற ஆங்கிலேய டாக்டர் விவரமாக எழுதினார், அதனால் இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

உங்களுக்கு அந்த இடது வாய்க்கால் தூரவில்லை, அவ்வளவுதான். 44 வருசமாக அதில் ரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, நீங்கள் பிள்ளை பெற்றீர்கள், காட்டு வேலை செய்தீர்கள், அது தன்பாட்டுக்கு வேலை செய்தது. இது ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு உண்டு. ஈரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் கல்யாணப் பந்தி ஆயிரம் பேருக்கு நடந்தால், இலையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் மூன்று நாலு பேருக்கு இருக்கும், அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்படி இடது சிரை உள்ளவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வலது பக்கக் குழாயும் வழக்கம்போலவே இருக்கும்.

கரோனரி சைனஸ் ஏன் பெரிதாக இருக்கிறது என்பதும் இதில் வந்துவிடுகிறது. அது இதயத்தின் பின்பக்கம் ஓடுகிற ஒரு சின்னக் குழாய். இதயத் தசை தனக்காகப் பயன்படுத்திய ரத்தத்தை மட்டும் அது வலது மேலறைக்குக் கொண்டுபோகும். உங்கள் இடது சிரையும் அதில்தான் வந்து விழுகிறது. ஒரு கைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ஒரு பக்கத்துத் தலை, கைத் தண்ணீர் முழுக்க வந்து சேர்ந்தால் அகலமாகத்தானே ஆகும். எக்கோ எடுக்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த அகலம்தான். கரோனரி சைனஸ் பெரிதாக வேறு காரணங்களும் உண்டு, நுரையீரல் ரத்த அழுத்தம் கூடி வலது மேலறையில் அழுத்தம் ஏறினாலும் பெரிதாகும். அதனால் இதய டாக்டர் ஒருதடவை பார்த்து 'இது அந்தச் சிரையால்தான்' என்று உறுதி செய்வது நல்லது.

அதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே ஒரு சின்னத் திருகுக்குழாய், ஒன்றில் உப்புத் தண்ணீர், கூடவே துளியூண்டு காற்று. இங்கும் அங்கும் வேகமாகத் தள்ளித் தள்ளி நுரைக்க வைப்பார்கள், டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி. அந்த நுரையை இடது கை முழங்கையில் ஏற்றிவிட்டு எக்கோ திரையைப் பார்த்தால், இடது சிரை உள்ளவர்களுக்கு முதலில் கரோனரி சைனஸ் பளிச்சென்று வெள்ளையாகும், பிறகுதான் வலது மேலறை. வலது கையில் ஏற்றினால் நேராக வலது மேலறை. வலது கையில் மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதனால் எந்தக் கையில் ஏற்றினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு இந்தச் சிரை வலது பக்கம் சேராமல் இடது மேலறையில் போய்ச் சேரும். அது வேறு கதை. கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் நேராக உடம்புக்குப் போய்விடும். உதடு, நகம் லேசாக நீலம் பூக்கலாம். கையில் போடுகிற ஊசியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழோ ரத்தக்கட்டியோ போனால், நுரையீரல் என்ற வடிகட்டியில் நிற்காமல் மூளைக்குப் போகிற ஆபத்து இருக்கிறது. காரணம் தெரியாத பக்கவாதம், மூளையில் சீழ்க்கட்டி என்று வந்தவர்களைத் தோண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும்தான் மூடுவதா, திருப்பி விடுவதா என்ற பேச்சே வரும். நுரைச் சோதனையில் இதுவும் தெரிந்துவிடும், இடது மேலறையில் முதலிலேயே குமிழி தெரிந்தால் சந்தேகப்படுவோம்.

உங்கள் ரிப்போர்ட்டில் கரோனரி சைனஸ் பெருத்திருக்கிறது, ஓட்டை எதுவும் எழுதவில்லை என்றால் நீங்கள் அந்த ஒன்பது பேரில் ஒருவர். பித்தப்பை ஆபரேசனை தாராளமாகச் செய்துகொள்ளலாம். எக்கோ ரிப்போர்ட்டை மயக்க மருந்து டாக்டர் கையில் கொடுங்கள், கழுத்தில் ஊசி போடவேண்டி வந்தால் அவர் வலது பக்கம் போட்டுக்கொள்வார்.

எங்கப்பாவுக்கு 68 வயசுங்க. நாடித்துடிப்பு 36-க்கு இறங்கிப்போய் பேஸ்மேக்கர் வெக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனவங்க மூணரை மணி நேரம் கழிச்சு வெளிய வந்து 'குழாய் ரூட்டு மாறியிருக்கு, அதுதான் லேட்டு'ங்கறாங்க. எங்க மாமன் 'டாக்டர் தப்புப் பண்ணிப்போட்டு மறைக்கறாங்க'ங்கறாரு. நெசமாலுமே ரூட்டு மாறுமுங்களா?
— பனியன் கம்பெனி மேஸ்திரி, திருப்பூர்

மாறும் தம்பி. மாமனைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர் வைப்பவர் பொதுவாக இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே சிரையில் ஊசி ஏற்றி, அதன் வழியே மெல்லிய கம்பியை விடுவார். அது நெஞ்சின் குறுக்கே வலது பக்கம் போய், வலது மேலறைக்குள் இறங்கி, அங்கிருந்து வால்வைத் தாண்டி வலது கீழறையில் போய்க் குத்தி நிற்கவேண்டும். பெரும்பாலும் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிற, கை பழகிய வேலை. உங்கள் அப்பாவுக்குக் கம்பியை விட்டதும் அது குறுக்கே போகாமல் இடது ஓரமாகவே நேர் கீழே இறங்கியிருக்கும். டாக்டருக்கு அப்போது வேர்த்திருக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வழியாகவே போகலாம். இடது சிரை, பிறகு கரோனரி சைனஸ், பிறகு வலது மேலறை. சிக்கல் அங்கேதான் ஆரம்பம். கரோனரி சைனஸ் வாயிலிருந்து வெளியே வருகிற கம்பி வால்வைப் பார்த்துத் திரும்பவேண்டும், ஆனால் அதன் போக்கு வேறு பக்கம். அதனால் மேலறைச் சுவரில் ஒரு பெரிய வளையம் போட்டு, அந்தச் சுவரில் முட்டித் திருப்பி, அப்புறம் வால்வுக்குள் நுழைக்கவேண்டும். காளிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து நொய்யலுக்கு வளைந்து வளைந்து போகிற மாதிரி, இங்கே நாலு விரல் அகலத்துக்குள் அத்தனை வளைவு. அதற்கென்றே கம்பியின் உள்ளே இருக்கிற தாங்குகம்பியைக் கையால் வளைத்து வளைத்து முயற்சி செய்வார்கள். மூணரை மணி நேரம் என்பது அதிகம் இல்லை.

வலது தோளுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வலது பக்கக் குழாய் இருந்தால் மாறலாம். சிலருக்கு இடது மட்டும் இருக்கும், வலதே இருக்காது. ரொம்ப அபூர்வம். அவர்களுக்கு எந்தத் தோளில் ஆரம்பித்தாலும் கம்பி இடது பக்கம்தான் வந்து சேரும். அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்தின் மின்சார ஒயரிங்கும் சிலசமயம் சரியாக இருப்பதில்லை, உங்கள் அப்பாவுக்குத் துடிப்பு இறங்கியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். வேறு வழிகளும் உண்டு. நெஞ்சில் சின்னதாகத் திறந்து இதயத்தின் வெளிப்பக்கம் கம்பியைத் தைப்பது ஒன்று. தொடைச் சிரை வழியாக மாத்திரை அளவில் இருக்கிற கம்பியில்லா பேஸ்மேக்கரை உள்ளே கொண்டுபோய் வைப்பது இன்னொன்று, ஆனால் விலை கேட்டால் மாமன் மயக்கம் போட்டுவிடுவார்.

ஒன்று மட்டும் டாக்டர் பக்கம் நின்று சொல்லாமல் பொதுவாகச் சொல்கிறேன். முன்னால் எடுத்த எக்கோவில் கரோனரி சைனஸைக் கவனித்திருந்தால் இது முந்தியே தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் கையில் சாயம் ஏற்றித் திரையில் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் துடிப்பு 36-இல் மயங்கி விழுகிற ஆளைக் கொண்டுவந்து போட்டால், அங்கே யாரும் ஆற அமரப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடது எஸ்.வி.சி. வழியாகக் கம்பி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதி வாங்குங்கள். பத்து வருசம் கழித்து பேட்டரி மாற்றுகிறவரோ, பழைய கம்பியை எடுக்கிறவரோ வேறு ஆளாக இருப்பார்.

இடது பக்கம் அந்தச் சிரை இருந்தால் இடது கையில் ரத்த தானம் பண்ணலாமா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாமா?
— கல்லூரி மாணவர், கோவை

பண்ணலாம். படுக்கலாம்.

எனக்கு கிட்னி ரெண்டும் போச்சுங்க, வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். டயாலிசிஸுக்குன்னு கையில ரத்தக்குழாய்களைச் சேத்துத் தெக்கற பிஸ்டுலா இன்னும் ரெடி ஆகலை. வலது கழுத்துக் குழாய் அடைச்சுப்போயி இடது கழுத்துல போட்டாங்க. போட்ட அரை மணி நேரத்துல எக்ஸ்ரே பார்த்துட்டு, எடுத்துப்போட்டு, தொடையில வெச்சுட்டாங்க. கேட்டா யாரும் வாயத் தொறக்கறதில்லீங்க.
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு என் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு பெரியவர், சர்க்கரை, காலில் புண் அழுகி உடம்பெல்லாம் பரவி, ரத்த அழுத்தம் கைக்கே எட்டவில்லை. வலது கழுத்தில் முன்பு ஏதோ ஆபரேசன் செய்த தழும்பு. அதனால் இடது கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய சிரைக்குள் மருந்து ஏற்றுகிற நீளக் குழாய், போட்டேன். ரத்தம் சுலபமாக வந்தது, கம்பி சுலபமாகப் போனது, நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். எக்ஸ்ரே வந்தது. இடது பக்கம் போட்ட குழாய் முதுகெலும்பைக் கடந்து வலது பக்கம் போகவேண்டும், இது போகவே இல்லை, இதயத்தின் இடது ஓரமாக நேர்க்கோட்டில் கீழே இறங்கியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற குழாயில், போட்டுவிட்டோம் என்று முடிவு கட்டி, பிடுங்கி, கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் வந்த சீனியர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ரத்தம் என்ன கலர்ல வந்துச்சு?" என்றார். "கருஞ்சிவப்புங்கண்ணா." "துடிச்சு வந்துச்சா, ஒழுகி வந்துச்சா?" "ஒழுகித்தானுங்க." "பிரஷர் பார்த்தியா? அந்த ரத்தத்துல ஆக்சிஜன் பார்த்தியா?" பார்க்கவில்லை. "நல்ல லைனைப் புடுங்கிப் போட்டுட்டு நிக்கறியே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெரியவருக்கு இன்னொரு ஊசி கூடுதலாகக் குத்தியதுதான் மிச்சம், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது இடது மேற்பெருஞ்சிரை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் அதே மாதிரி நடந்திருக்கலாம். இடது ஓரமாக இறங்குகிற குழாய் தமனிக்குள் இருக்கலாம், பக்கத்துச் சின்னச் சிரைக்குள் நுழைந்திருக்கலாம், சிரையைக் கிழித்து வெளியே போயிருக்கலாம், அல்லது இடது மேற்பெருஞ்சிரையில் சரியாக உட்கார்ந்திருக்கலாம். எக்ஸ்ரேவை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. குழாயில் வருகிற அழுத்தத்தை அளந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் பார்த்து, தேவைப்பட்டால் சாயம் விட்டு அல்லது சி.டி. எடுத்துத்தான் சொல்லவேண்டும். உங்கள் டாக்டர்கள் எடுத்துவிட்டதில் எனக்குக் குறை இல்லை. மருந்து ஏற்றுகிற சன்னக் குழாய் என்றால் இடது சிரையில் விட்டுவைக்கலாம். டயாலிசிஸ் குழாய் தடிமன், விறைப்பு, அதில் ரத்தம் வேகமாகப் போய்வரும். அதன் நுனி கரோனரி சைனஸுக்குள் போய் இடித்தால் துடிப்பு தாறுமாறாகும், நெஞ்சுவலி வரும், ரத்தம் உறையும், ரொம்ப மோசமென்றால் கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் கட்டும். தொடை தேவலாம்.

வாயைத் திறக்காததுதான் தப்பு. அடுத்த டயாலிசிஸ் அன்று அந்த எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு எக்கோவும் எடுத்துவிடச் சொல்லுங்கள், சிறுநீரகக்காரர்களுக்கு எப்படியும் எக்கோ தேவைப்படும். பிஸ்டுலா எந்தக் கையில் வைத்தாலும் அதற்கு இந்தச் சிரை தடை இல்லை.

கலியாணமாகி ரெண்டு வருசங்க, மாமன் மகனைத்தான் கட்டியிருக்கேன். அஞ்சாம் மாச ஸ்கேன்ல 'மூணு குழாய் தெரியற எடத்துல நாலு தெரியுது, இடது எஸ்.வி.சி.'ன்னு எழுதி ஈரோடு போய் குழந்தை ஹார்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாங்க. எங்க அம்மிச்சி அழுதுட்டே இருக்கறாங்க. சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படியாங்க?
— கோபிசெட்டிபாளையம்

அம்மிணி, முதலில் அம்மிச்சியின் கண்ணைத் துடைத்துவிடு.

ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சை ஒரு குறிப்பிட்ட குறுக்குவெட்டில் பார்த்தால் மூன்று வட்டங்கள் வரிசையாகத் தெரியும், நுரையீரல் தமனி, மகாதமனி, மேற்பெருஞ்சிரை. உன் குழந்தைக்கு நுரையீரல் தமனிக்கு இடது பக்கத்தில் நாலாவதாக ஒன்று தெரிந்திருக்கிறது. அதைக் கவனித்து எழுதியவர் நல்ல ஸ்கேன் டாக்டர்.

இந்தச் சிரை தனியாக இருந்தால் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறதா, துணைக்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளில் இந்தச் சிரை நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்துப் பேர் வரை இருக்கிறது, மற்றவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். முக்கியமாக மகாதமனி குறுகிப்போவது, இதயச் சுவரில் ஓட்டை இவற்றைத் தேடுவார்கள். இதயத்தோடு மற்ற உறுப்புகளிலும் குறை தெரிந்தால் குரோமோசோம் சோதனை பற்றியும் பேசுவார்கள். அதற்குத்தான் ஈரோடு போகச் சொல்லியிருக்கிறார்கள், தள்ளிப்போடாமல் போய்விட்டு வா. எல்லாம் சரி என்று வந்தாலும் குழந்தை பிறந்த பிறகு ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது, மகாதமனி குறுகல் வயிற்றில் இருக்கும்போது சிலசமயம் பிடிபடாது.

மாமன் மகனைக் கட்டியது பற்றி. சொந்தத்தில் கட்டுவது பொதுவாகப் பிறவிக் குறைகளின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் இந்த ஒற்றைச் சிரையைக் காட்டி உன்னையோ உன் வீட்டுக்காரரையோ யாராவது குற்றம் சொன்னால் அவர்களிடம் என் பெயரைச் சொல். நான் பார்த்த இடது சிரைக்காரர்களில் பாதிக்கு மேல் சொந்தமில்லாத அசலில் கட்டியவர்களின் பிள்ளைகள்தான்.

ஒருவேளை ஆபரேசன் வேண்டிய குறை ஏதாவது இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேசன் உண்டு. அப்போது அறுவை டாக்டருக்கு இந்தச் சிரை இருப்பது கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். இதயத்தை நிறுத்தி மெஷினில் ஓட்டும்போது இந்தக் குழாய்க்கும் தனியாக ஒரு குழாய் போட்டு ரத்தத்தை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆபரேசன் நடக்கிற இடம் முழுக்க ரத்தம் நிரம்பிக்கொண்டே இருக்கும்.

நீங்க போன மாசம் 'சிரை ரூட்டு மாறுனா பெரும்பாலும் ஒண்ணும் இல்லை'ன்னு எழுதியிருந்தீங்க. எங்க தங்கச்சி குழந்தை பொறந்த மூணாம் நாளே நீலமாயிடுச்சு. நுரையீரல் சிரை ரூட்டு மாறியிருக்குன்னு அவசரமா ஆபரேசன் பண்ணித்தான் காப்பாத்துனாங்க. அப்புறம் எப்படிங்க 'ஒண்ணும் இல்லை'?
— தாராபுரம்

கேட்டது நியாயம். நான் அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன்.

நெஞ்சுக்குள் பெரிய சிரைகள் இரண்டு வகை. ஒன்று உடம்பிலிருந்து கெட்ட ரத்தம் கொண்டுவருவது, நான் மேலே பேசிக்கொண்டிருப்பது அதைத்தான். இன்னொன்று நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய நல்ல ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுபோவது, பொதுவாக நான்கு இருக்கும். உங்கள் தங்கை குழந்தைக்கு அந்த நான்குமே இடது மேலறைக்குப் போகாமல், மேலேயோ கீழேயோ சுற்றி வலது பக்கமே திரும்பியிருக்கிறது. நல்ல ரத்தம் முழுக்க கெட்ட ரத்தத்தோடு கலந்து, இரண்டு மேலறைகளுக்கும் நடுவே இருக்கிற ஓட்டை வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. போகிற வழியில் அந்தச் சிரை எங்காவது நெரிபட்டால் நுரையீரலில் ரத்தம் தேங்கி, குழந்தை மணிக்கணக்கில் மோசமாகும். மருந்தை வைத்து இழுத்தடிக்க முடியாது, ஆபரேசன்தான். சரியான நேரத்தில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

பிறந்த குழந்தை வேகமாக மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கும்போது வேர்த்து, பாதியில் விட்டுவிட்டுத் தூங்குகிறது, நாக்கும் உதடும் நீலம் என்றால் 'சளி, குளிர்' என்று வசம்பு தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறந்து ஒருநாள் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் கிளிப் மாட்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. செய்யாமல் டிஸ்சார்ஜ் பண்ணினால் கேளுங்கள்.

நான்கில் ஒன்றோ இரண்டோ மட்டும் வழி மாறியிருப்பதும் உண்டு. அவர்கள் பெரியவர்களான பிறகுதான் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவார்கள். எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் பெருத்திருக்கும், காரணம் தெரியாது, ஓட்டை எதுவும் தெரியாது. அப்படி இருந்தால் யாராவது நுரையீரல் சிரைகளை எண்ணிப் பார்க்கவேண்டும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால் எண்ணிவிடலாம். இதில் ஒரு வகையில் வலது நுரையீரலின் சிரை கீழே இறங்கிக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும், எக்ஸ்ரேயில் வளைந்த வாள் மாதிரி ஒரு நிழல் தெரியும். அதற்குத் துருக்கிக்காரர்களின் வளைவாள் பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊர் ஆள் கண்டுபிடித்திருந்தால் கொடுவாள் நோய் என்று சொல்லியிருப்போம்.

பையனுக்குத் துபாயில் வேலை. மெடிக்கல் எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேலே ஒரு கோடு, 'அசைகஸ் லோப்' என்று எழுதிவிட்டார்கள். ஏஜென்ட் டி.பி. என்கிறான்.
— ஒரு தகப்பனார், பல்லடம்

டி.பி. இல்லை. அசைகஸ் என்பது முதுகெலும்புக்கு வலது பக்கமாக ஏறி மேற்பெருஞ்சிரையில் சேருகிற ஒரு சிரை. கருவில் அது நுரையீரலின் உச்சியைத் தாண்டி ஓரமாக நகராமல், நுரையீரலை அறுத்துக்கொண்டே உள்ளே இறங்கினால் ஒரு மடிப்பு விழும். எக்ஸ்ரேயில் மெல்லிய கோடு, அதன் அடியில் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு பொட்டு, அதுதான் சிரை. நூறு பேரில் ஒருவருக்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ரேடியாலஜிஸ்ட்டிடம் 'இயல்பான மாறுபாடு, நோய் இல்லை' என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். ஏஜென்ட் ஸ்கேனுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதே அசைகஸ் பெயரில் இன்னொன்று உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். சிலருக்குக் கீழ்ப்பெருஞ்சிரை ஈரலுக்குக் கீழே அறுந்துபோய், கால் வயிற்று ரத்தமெல்லாம் அசைகஸ் வழியாகவே மேலே ஏறும். அந்தச் சிரை பெருத்து எக்ஸ்ரேயில் கட்டி மாதிரி நிற்கும். கட்டி என்று ஊசி போட்டுத் தசை எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இளவயதில் காலில் ரத்தம் உறைந்து வீங்கி வருகிறவர்களிடமும் இதைத் தேடுவதுண்டு.

30 வருடம் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். தவளையை அறுத்தாலும் எலியை அறுத்தாலும் மேற்பெருஞ்சிரை இரண்டு என்றுதான் படம் போட்டுக் கொடுத்தோம். அப்படியானால் மனிதனுக்கு இரண்டு இருப்பது விலங்குப் பழக்கம் மிச்சம் நிற்பதா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி

ஐயா, இந்த மாதம் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் உங்களுடையது. எலிக்கும் முயலுக்கும் இரண்டு இருப்பதுதான் சட்டம், இடது சிரை கரோனரி சைனஸ் வழியாகத்தான் வலது மேலறைக்குப் போகிறது, பெருந்துறை அம்மாவுக்குப் போகிற அதே வழி. அவற்றுக்கு அந்தக் குறுக்கு வாய்க்கால் வெட்டப்படுவதில்லை, அதனால் இடது தூர்வதில்லை. மார்ஷல் 1850-இல் எழுதியதும் மனிதனை மட்டும் வைத்து இல்லை, பாலூட்டிகளின் கருக்களையெல்லாம் ஒப்பிட்டுத்தான் இடது சிரையின் தழும்பு இன்னது என்று கண்டுபிடித்தார். மிச்சம் நிற்பது என்றால் விலங்கிலிருந்து வந்த மிச்சம் என்பதைவிட, அவரவர் கருவாக இருந்த காலத்து மிச்சம் என்று சொல்வேன்.

ஆடும் மாடும் நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கு மேற்பெருஞ்சிரை ஒன்றுதான், ஆனால் இடது அசைகஸ் சிரை மட்டும் அந்தப் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு கரோனரி சைனஸில் போய் விழும். அதனால் அந்த வாய் அகலமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்றை முழுசாக வாங்கி, வலது மேலறையைத் திறந்து, கீழ்ப்பெருஞ்சிரை வாய்க்குப் பக்கத்திலேயே பாருங்கள், உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழையும்.